நகர மறுத்த அட்டை

“நாப்பத்து மூணு வேலைங்க மேடம். பதினோரு மணிக்கு டைரக்டர் வர்றார். எல்லாத்துக்கும் எத்தனை நாள் ஆகும்னு அதுக்குள்ள சொல்லியாகோணும். நடக்கிற காரியமுங்களா இது?”

நாச்சிமுத்து இதைச் சொன்னபோது மணி ஒன்பதேகால். சொல்லிவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இன்பவல்லி டிபன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே வெண்பொங்கல்.

குரு என்றதும் ஆலமரத்தையும் தாடியையும் மான்தோலையும் தேடுகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். இது கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நாலாவது மாடி. குருவுக்கு வயது முப்பத்து மூன்று. குழுவாகச் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்க அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவள் பெரிதாக எதையும் கற்றுக்கொடுத்ததாக யாருக்கும் நினைவில்லை.

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தொன்று. ஏழு பேர் குழுவுக்குத் தலைவர்.

“இதுல எத்தனை பருக்கை இருக்கும் சார்?”

நாச்சிமுத்து டப்பாவை எட்டிப் பார்த்தார். “அதை எப்படிங்க சொல்றது?”

“எனக்குப் போதுமா?”

“போதுமுங்க.”

“உங்களுக்கு?”

“பத்தாதுங்க. இந்த மாதிரி ரெண்டு டப்பா வேணும்.”

“இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு?”

நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு எரிச்சலாக வந்தது. அவசரமாக வந்தவனுக்குப் பொங்கலைக் காட்டி விடுகதை போடுகிறாளே என்று இருந்தது.

அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

“போன தடவை எப்படிக் கணக்குப் போட்டீங்க?”

“மூணு நாள் உக்காந்தமுங்க. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம்னு நான் சொல்வேன். எல்லாருக்கும் சரிதானான்னு கேப்பேன். சரிம்பாங்க. எழுதிக்குவோம்.”

“யாராவது சரியில்லைன்னு சொன்னாங்களா?”

“ஒருத்தருகூட இல்லீங்க.”

“சொன்ன நாள்ல வேலை முடிஞ்சுதா?”

இந்தக் கேள்விக்கு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முடியவில்லை. ரெண்டரை மடங்கு இழுத்தது. பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அப்போதிருந்த பத்துப் பேரும் ஆபீசில் கிடந்தார்கள். முடிந்த மறுவாரமே மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். மீதி ஏழு பேர், சாப்பாட்டு மேஜைக்கு அவர் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அது அவருக்கு வலித்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

“இந்தத் தடவை டைரக்டர் எத்தனை வாரம் எதிர்பார்க்கிறார்?”

“பத்துங்க. எதிர்பார்க்கிறதென்னங்க, போன வாரமே வாக்குக் குடுத்துட்டார்.”

“அப்புறம் எதுக்கு உங்ககிட்டக் கணக்குக் கேக்கறார்?”

“அதையே எங்க வாயால கேக்கோணுமாமுங்க.”

இன்பவல்லி டப்பாவை மூடினாள். “வாங்க.”

*

மீட்டிங் ரூமில் நீள மேஜையைச் சுவரோரம் தள்ளச் சொன்னாள். தள்ளினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார்கள். நாச்சிமுத்து மட்டும் ஷூவோடு நாற்காலியில் இருந்தார்.

வேலை இதுதான். பத்து ரத்த வங்கிகள் ஒரே மென்பொருளுக்கு மாறப்போகின்றன. எந்த ஊரில் எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே இடத்தில் தெரிய வேண்டும். அதற்கான நாற்பத்து மூன்று வேலைகளும் நாற்பத்து மூன்று அட்டைகளில் எழுதப்பட்டிருந்தன.

அவள் இன்னொரு அட்டையைத் தரையின் நடுவில் வைத்தாள். ‘நோயாளி பதிவுப் பக்கம்.’ போன வேலையில் முடித்தது. ஆறு நாள் பிடித்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

“இதைவிடச் சின்ன வேலையெல்லாம் இடது பக்கம். பெருசெல்லாம் வலது பக்கம். ரொம்பப் பெருசுன்னா ரொம்பத் தள்ளி. யார் வேணா எதை வேணா வைக்கலாம். யார் வெச்சதை வேணா யார் வேணா நகர்த்தலாம்.”

“எத்தனை நாள்னு எழுத வேண்டாமுங்களா?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

“வேண்டாம். இருபது நிமிஷம். ஒருத்தரும் பேசக் கூடாது.”

“நானுமுங்களா?”

“முதல்ல நீங்கதான்.”

ஒருவர் களுக்கென்று சிரித்தார். அதன் பிறகு சத்தமில்லை.

ஏழு பேரும் தரையில் தவழ ஆரம்பித்தார்கள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் சோழி உருட்டுகிற மாதிரி குனிந்து கிடந்ததைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. இடது, வலது, இன்னும் வலது. ஒருவர் வைத்ததை இன்னொருவர் ஒரு முழம் தள்ளுவார். முதலாமவர் யோசித்துவிட்டுத் தலையாட்டுவார்.

இரண்டு வருடமாகக் கூட்டங்களில் “ஓகே சார்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத குணபாலன் ஒன்பது அட்டைகளை நகர்த்தினார். நாச்சிமுத்து எண்ணிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. போன தடவை மூன்று நாள் பிடித்த வேலை. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடவே கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அப்போதுதான் வலது கோடியில், சுவரை ஒட்டி, தனியாகக் கிடந்த அட்டையைப் பார்த்தார்.

‘பழைய பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றுவது.’

மனக்கணக்கில் அவர் கெட்டிக்காரர். ஆறு நாள் அட்டையை வைத்து மற்றதையெல்லாம் கூட்டிப் பார்த்தார். அந்த ஒன்று அங்கேயே இருந்தால் மொத்தம் பதினாறு வாரம். அதை இடது பக்கம் போட்டால் சரியாகப் பத்து.

பத்து!

எழுந்தார். மரத்துப்போன காலை உதறுகிற மாதிரி நாலு எட்டு நடந்தார். குனிந்து அந்த அட்டையை எடுத்து இடது பக்கத்தில் செருகினார். வந்து உட்கார்ந்தார்.

தேவகுஞ்சரி முட்டி போட்டபடியே வந்தாள். மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அட்டையை எடுத்தாள். பழையபடி சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் முறைத்தார். அவள் பார்க்கவில்லை.

மறுபடி எழுந்தார். மறுபடி இடது.

மறுபடி அவள். மறுபடி சுவரோரம்.

மூன்றாவது தடவை அட்டையை வைத்துவிட்டு அங்கேயே காவல் மாதிரி நின்றார். அவர் காலுக்கு இடையில் ஒரு கை நுழைந்து அட்டையை உருவிக்கொண்டு போனது. தேவகுஞ்சரியின் கை இல்லை. குணபாலனின் கை.

“என்னய்யா நெனச்சுட்டிருக்கீங்க எல்லாரும்?”

கத்தியே விட்டார்.

இன்பவல்லி உதட்டின் மேல் விரலை வைத்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் செய்கிற மாதிரி. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள், குழுவின் கண் முன்னால். நாச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவரும் அட்டையைத் திரும்ப எடுத்துத் தரவும் இல்லை.

செல்போனில் மணி அடித்தது. இருபது நிமிடம் முடிந்தது.

*

“நாப்பத்திரண்டு முடிஞ்சுது. ஒண்ணுல மட்டும் சண்டை. இப்போ பேசலாம், அந்த ஒண்ணைப் பத்தி மட்டும்” என்றாள் இன்பவல்லி.

நாச்சிமுத்து காத்திருந்த வேகத்தில் ஆரம்பித்தார். “ஒரு ஸ்கிரிப்ட், சின்னப் புரோகிராம்தான், எழுதினா ராத்திரியோட ராத்திரியா தானா ஓடி முடிஞ்சிரும். இதுக்குப் போயி ஆறு வாரமா? யாராவது கேட்டாச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார்” என்றாள் தேவகுஞ்சரி. “போன மாசம் ஒரே ஒரு வங்கியை எடுத்துப் பார்த்தோம். நானும் குணபாலனும். ரெண்டு வாரம் ஆச்சு.”

“ஒரு வங்கிக்கா?”

“ஒரு வங்கிக்குத்தான் சார். பத்துக்கும் ஏழு பேரும் சேர்ந்து உக்காந்தா ஆறு வாரம். ஒருத்தர் ஓ பாசிட்டிவ்னு எழுதறாங்க. ஒருத்தர் வெறும் ஓன்னு எழுதறாங்க. ஒரு நோட்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. மூணுன்னா என்ன வகைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் ரிட்டயர் ஆயிட்டார். அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தோம் சார். ஒரே ஆளுக்கு ரெண்டு இடத்துல ரெண்டு வகை ரத்தம் இருந்துச்சு. ஸ்கிரிப்ட் அதுல எதை எடுக்கும்?”

“இதை ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?”

“நீங்க கேக்கல சார். சரிதானான்னு கேட்டீங்க.”

 

நாச்சிமுத்து குருவின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மேடம், நீங்களாவது சொல்லுங்க. பதினாறு வாரம்னு போய் நின்னா என் வேலை போயிருமுங்க. இந்த வயசுல என்னை யாரு கூப்பிட்டு உக்கார வெப்பாங்க?”

இன்பவல்லி சுவரோரம் இருந்த அட்டையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். பேனாவைத் திறந்து அதையும் கொடுத்தாள்.

“சின்னதாக்கிடலாம் சார். செய்யப்போறது யாருன்னு பேர் மட்டும் எழுதிடுங்க.”

இவ்வளவுதானா என்று அவருக்கு உயிர் வந்தது. அட்டையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முதலில் கண்ணில் பட்டது தேவகுஞ்சரி.

“எழுதிக்கங்க சார்” என்றாள் அவள். “பக்கத்துலயே இன்னொரு பேரும் எழுதிக்கங்க. நான் வேலையை விட்டுப் போனதுக்கப்புறம் செய்யறதுக்கு.”

குணபாலனைப் பார்த்தார். குணபாலன் “ஓகே சார்” என்று சொல்லவில்லை. பார்வையைத் தாழ்த்தவும் இல்லை.

அடுத்தவர். அதற்கடுத்தவர். ஏழு முகங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். போன வருடம் இதே அறையில் பத்து முகங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வரும் போனை எடுக்காமல் கவிழ்த்து வைத்த பத்துப் பேர். ஒவ்வொரு ஞாயிறும் “இதான் கடைசி” என்று அவர்களிடம் சொன்னது அவர்தான்.

பேனா காய்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் தன் பெயரையே எழுதலாமா என்று பார்த்தார். ‘நா’ என்று ஒரு எழுத்துகூட எழுதிவிட்டார். பிறகு பேனாவை மூடினார். ஷூவைக் கழற்றினார். தரையில் மண்டியிட்டபோது முட்டி மடக்கென்றது. தவழ்ந்து போய் அட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“மொத்தம் எத்தனை சார்?” என்றாள் இன்பவல்லி.

“பதினாறு வாரமுங்க.”

அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

“மேடம், டைரக்டர் வர்ற நேரமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...”

“நான் எதுக்கு? இதுல ஒரு வேலைகூட நான் செய்யப்போறதில்லையே.”

போய்விட்டாள். அவருக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

*

டைரக்டர் சந்தானகிருஷ்ணன் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பாகவே வந்தார்.

“என்ன நாச்சிமுத்து, ஆபீஸ்ல தாயம் விளையாடறீங்களா?”

“கணக்குங்க சார்.”

“வெரிகுட். பத்துதானே?”

“பதினாறுங்க.”

டைரக்டர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். அட்டைகளைச் சுற்றி நடந்தார். மனிதர் மனக்கணக்கில் சளைத்தவர் இல்லை. நேராகச் சுவரோரம் போய் நின்றார். குனிந்து அந்த அட்டையை எடுத்தார்.

“இதுதானா? ஒரு ஸ்கிரிப்ட் போட்டா முடிஞ்சுதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னனுங்க. தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க.”

டைரக்டர் இடது பக்கம் போய் அட்டையைப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். “இப்போ பத்து. இதை அங்க கொண்டுபோய் வெச்சது யாரு?”

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“கேக்கறேன்ல? யாருக்கு இந்த வேலை தெரியலையோ அவங்களை மாத்திடலாம். யாரு?”

தேவகுஞ்சரி எழுந்திருக்கப் போனாள்.

“நீ உக்காரு கண்ணு” என்றார் நாச்சிமுத்து. தவழ்ந்து போய் அட்டையை எடுத்து அங்கேயே உட்கார்ந்தார். அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “நான் வெச்சனுங்க.”

“நீங்களா?”

“நானேதானுங்க.”

“சரி, போகட்டும். பத்து வாரம்னு எழுதி மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒரு மெயில் போடுங்க.”

“முடியாதுங்க.”

கொங்குநாட்டுக்காரர் வாயில் மறுப்புக்கும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டுதான் வரும். டைரக்டருக்கு ஒரு நொடி அது மறுப்பென்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் சிவந்தது.

“என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? திங்கக்கிழமை உங்க நாற்காலியில வேற ஆள் உட்காருவான்.”

நாச்சிமுத்து மடியிலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டார். பயந்துதான் போயிருந்தார். ஆனாலும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“உக்காரட்டுமுங்க சார்,” என்றார். “அவரு வந்தாலும் பதினாறு வாரந்தானுங்க.”