பூவாத்தா கேட்ட தண்டனை

ஆத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. ஊர்ப் பிள்ளைங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிக்கட்டும்னு ஒரு பள்ளிக்கூடம் கட்டினாரு. தப்புப் பண்ணினா பன்னெண்டு பிரம்படி, அதுதான் அங்க சட்டம். அங்க செங்கமலம்னு ஒரு வாத்தியாரம்மா புதுசா வந்தா. வந்ததும், "நான் பிரம்பைத் தொடமாட்டேன்"னுட்டா. பைத்தியம்னு ஊரே சிரிச்சுது.

அப்ப என்னாச்சு, தளபதி மகன் ரணதீரன், முன்னால உக்காந்திருந்த மீன்காரி மக பூவாத்தாவோட ஜடையைக் கத்தியால அறுத்துப்புட்டான். விளையாட்டுக்காம்! முக்காட்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு ஓடினவ, திரும்பி வரவே இல்லை.

ராசா, "பன்னெண்டு அடி குடு"ன்னாரு. தளபதி பெண்சாதி, "அடிச்சுட்டு விட்டுடும்மா, பேச்சு எதுக்கு?"ன்னா. ரணதீரனே கையை நீட்டி, "சீக்கிரம் அடிங்க, விளையாடப் போகணும்"னான். பாத்தீங்களா, அடின்னா அவனுக்கு அவ்வளவு லேசு!

செங்கமலம் பிரம்பை எடுக்கலை. "ராசா, அறுபட்டது பூவாத்தா ஜடை. அவளைக் கேக்காம நாம தீர்ப்புச் சொல்லலாமா?"ன்னா.

"கேளு. சரிப்படலைன்னா நீ ஊரை விட்டுப் போகணும்"னுட்டாரு ராசா.

முதல் நாள் செங்கமலம் பூவாத்தா வீட்டுக்குப் போனா, கதவே திறக்கலை. ரெண்டாம் நாள் போனா, "அவன் மன்னிப்பு எனக்கு வேணாம்"னு உள்ளேயிருந்து சத்தம். "வேணாம்னா வேணாம் தாயி. உனக்கு என்னதான் வேணும், யோசிச்சுச் சொல்லு"ன்னுட்டு வந்துட்டா. மூணாம் நாள் பூவாத்தாவே கதவைத் திறந்தா.

"தலைக்கு என்னாச்சுன்னு பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியெல்லாம் கேப்பாங்க. என்னால பதில் சொல்ல முடியாது. அவன் தினமும் என்கூட வந்து அவன் வாயால சொல்லட்டும்."

ரணதீரன் முகம் வெளுத்துப்போச்சு. "இருபத்துநாலு அடி வேணாலும் குடுங்கம்மா, இது வேணாம்"னு அழுதான். செங்கமலம் அசையலை. ஆனா அவனைத் தனியாவும் விடலை, கூடவே நடந்தா.

பூக்காரி கேட்டா, "ஐயோ, ஜடை எங்கடி?" "நான் அறுத்தேன்"னு முனகினான். எண்ணெய்க்காரர் கேட்டாரு. "நான் அறுத்தேன்"னான், கண்ணு கலங்கிச்சு. அப்புறம் எதிர்ல வந்தது யாரு? ராசா! குதிரையை நிறுத்தி, தெரியாதவர் மாதிரி, "யாருடா அறுத்தது?"ன்னாரு.

"நான்தான் ராசா. அவ படிப்பு நின்னுபோனதும் என்னாலதான்."

அதை யாரும் சொல்லிக்குடுக்கலை, பாருங்க! பூவாத்தா அப்பத்தான் அவனை ஏறிட்டுப் பாத்தா. ராசா குதிரையை விட்டு இறங்கி, "வாத்தியாரம்மா, அடிச்சிருந்தா இந்தப் பேச்சு இவன் வாயில வந்திருக்காது"ன்னு கும்பிட்டாரு.

ஆறு மாசம் அவன் கூடவே நடந்தான். "போதும், இனிமே நானே சொல்லிக்கறேன்"னு பூவாத்தா சொன்ன அன்னிக்குத்தான் நின்னான். அறுத்தவனும் படிச்சான், அறுபட்டவளும் படிச்சா.

கேட்ட காதுக்குக் கம்மல், சொன்ன வாய்க்கு வெத்தலை, அவ்வளவுதான் கதை, படுங்க!