மாரப்பன் இடுப்புக் கல்

சுண்டைக்காய்ப்பாளையத்து மாரப்பனுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் இடுப்பில் வலி வந்தது. சுருண்டு விழுந்தவரைக் கூட்டாளிகள் குப்பணனும் பொங்கியண்ணனும் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "கிட்னியில ரெண்டரை சென்டிமீட்டர் கல்லு. தண்ணி குடிச்சாத் தானா வெளியேறாது. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம், ஆனா பெரிய கல்லு ஒரே தடவையில உடையாது. முதுகுல சின்னதாத் துளை போட்டு, குழாய் விட்டு உடைச்சு எடுக்கறதுதான் நல்லது. கலந்து பேசிச் சொல்லுங்க," என்றார்.

சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து கலந்து பேசினார்கள்.

"அதிர்வுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி? டிராக்டர்ல உக்கார வெச்சு உழவுக் காட்டுல ஓட்டுவோம்," என்றார் குப்பணன்.

ஓட்டினார்கள். மாரப்பனின் முன்பல் உடைந்தது. கல் உடையவில்லை.

"அப்பக் குழாய்தான். ஒரு இஞ்சு போதுமா?" என்றார் பொங்கியண்ணன்.

"கல்லு சிக்கிக்கும். ஒண்ணேகால் வாங்கு," என்றார் குப்பணன்.

மாரப்பன் தோட்டத்துக்கே ஒண்ணேகால் இஞ்சில்தான் தண்ணீர் பாய்கிறது. "தலையில களிமண்ணு, இடுப்புல கல்லு. குழாயும் விட்டா என்னைய வீடாக் கட்டிக் குடிபோயிரலாம்," என்று தன்னையே நொந்துகொண்டார். ஆனாலும், குழாய்க்கு மூடி வாங்கவில்லையே என்று நினைவுபடுத்தியவர் அவர்தான்.

"வெறும் வயித்தோட வரணும்," என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் மூவரும் சட்டையில்லாமல், தோளில் பத்தடிக் குழாயோடு பஸ் ஏறினார்கள்.

நர்ஸம்மா திகைத்தார். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஆறு இட்லிங்க. சட்டை இல்லாததால சட்னி சிந்துமோங்கிற பயமே இல்லீங்க," என்றார் மாரப்பன்.

ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிக் குழாயே போதுமானதாக இருந்தது. கல்லும் வந்தது, வலியும் போனது. அனுப்பும்போது டாக்டரம்மா, "இனிமே கல்லு வராமப் பாத்துக்கங்க," என்றார்.

அன்றிலிருந்து மூவரும் தெருமுனையில் காவல் இருந்தார்கள். நாலாம் நாள் ஜல்லி லாரி ஒன்று வந்தது. மாரப்பன் ஓடிப்போய்க் குறுக்கே படுத்தார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "கல்லு உங்களுக்கில்லீங்க. பக்கத்து வீட்டுப் பழனிமுத்துவுக்கு."

"எவ்வளவு?"

"ரெண்டு யூனிட்டு."

மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு கல்லுக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். சோற்றில் கை வைத்திருந்த பழனிமுத்துவை மூவருமாக அலாக்காகத் தூக்கி வந்து, ஜல்லி மேல் படுக்க வைத்து, "ஆஸ்பத்திரிக்கு விடுப்பா!" என்றார்கள்.

"எனக்கு வலியே இல்லீங்களே!" என்று அலறினார் பழனிமுத்து.

மாரப்பன் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். "கல்லு இன்னும் லாரியிலதானுங்க இருக்குது. இறக்கினாத்தான் தெரியும்."