துணி மூடிய பாதம்

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை தொபியாஸ் பங்குச் சாமியிடம் கேட்டார்.

"சாமி, என் மகன் ரீகன் இந்த மரியானுக்காகவா செத்தான்?"

சாமி பீரோவைத் திறந்து, சிலுவை முத்திக்கான வெள்ளைத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

படகு கவிழ்ந்த அன்று ரீகனுக்கும் மரியானுக்கும் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது ஒரே ஒரு காலி டீசல் கேன். அது இருவரைத் தாங்கவில்லை. ரீகன் கையை விட்டான். உடல் கிடைக்கவில்லை. மரியான் கரை சேர்ந்தான். முன்பே குடிகாரன், இப்போது இன்னும் மோசம்.

மதியம் சாமி, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை ஏந்தி நின்றார். ஜனங்கள் வரிசையாக வந்து பாதத்தை முத்தி செய்தார்கள். ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் தொபியாஸ் துணியால் துடைத்தார்.

மரியானின் முறை வந்தது.

"இன்னைக்கும் குடியா?" என்றாள் பின்னால் நின்றவள். "சிலுவையில ஆண்டவருக்குக் காடி கொடுத்தது போதாதா, உன் சாராயம் வேறயா?"

மரியான் குனிந்தான். தொபியாஸ் பாதத்தைத் துணியால் மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வரிசை நின்றது.

"துணியை எடும்," என்றார் சாமி.

"மாட்டேன் சாமி."

மரியான் நிமிரவில்லை. "மாமா, அவன் கையை விட்டப்போ வேண்டாம்னு நான் சொல்லல."

"கேட்டீங்களா சாமி? ஒரு வார்த்தை சொல்லலியாம். இவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சிருந்தா என் பிள்ளை விட்டிருப்பானா?"

"ரெண்டு பேரும் எப்போதிருந்து ஒரே படகு?" என்று கேட்டார் சாமி.

"பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து."

"இவன் குடிப்பான்னு ரீகனுக்குத் தெரியாதா?"

"விழுந்து கிடக்கிற இவனைத் தூக்கிட்டு வந்து வீட்டுல போடறதே அவன்தானே."

"பயந்தாங்கொள்ளின்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் விட்டான், தொபியாஸ்."

சாமியின் கைகளில் சுரூபம் கனத்தது. அவர் அதை இறக்கவில்லை.

"அவனை மாதிரி என்னால முடியலியே சாமி."

"என்னாலயும் முடியாது. அதனாலதான் நாம ரெண்டு பேரும் இந்தக் காலடியில நிக்கிறோம்."

துணி விலகியது, ஒரே ஒரு கால்விரல் தெரியும் அளவுக்கு. மரியான் அதில் உதடு வைத்தான்.