இடித்த சுவரடியில் ஈஸ்டர்

ஏசுவடியானின் தாளில் அநியாயங்கள் ஆண்டு பிசகாமல் வரிசையாக நின்றன.

அறுபத்தொன்றில், ஆலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்த அவருடைய தாயைக் கையைப் பிடித்து எழுப்பியவர் பொருளாளர் பொன்னுத்துரை. அறுபத்தாறில், திருவிருந்தில் அவளுக்கென்று தனிக் கிண்ணம் வைத்தவர் செயலர் வேதமாணிக்கம். எழுபத்து மூன்றில், கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுப்பியவர் ஒப்பந்தக்காரர் தவசிமுத்து. எழுபத்தெட்டில், அவள் சவப்பெட்டியை வாசல் வழியே விடாமல் பின்பக்க முள்வேலியைப் பிய்த்துத் தூக்கிப்போக வைத்தவர் கோயில்பிள்ளையாக வேலை பார்த்த அருமைநாயகம்.

அந்தச் சுவரை எதிர்த்து நாற்பது ஆண்டு. ஏழு வழக்கு, பதினெட்டு நாள் சிறை, கணக்கில்லாத துண்டறிக்கை. போன வாரம் சுவர் விழுந்தது.

இன்று ஈஸ்டர். விடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. சாதியால் பிரிந்து கிடந்த இரண்டு தெருவும் முதல் முறையாக ஒரே இடத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் ஏசுவடியான் பேச வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். துண்டறிக்கைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அறுபத்திரண்டு வயதுவரை யாரையும் குரு என்று ஒப்புக்கொள்ளாதவர், ஆறு ஆண்டாக ஆயர் ரஞ்சிதத்திடம் சனிக்கிழமைதோறும் வேதம் படித்தார். அந்த அம்மாள் அவரைவிட முப்பது வயது இளையவர். படித்ததைவிட வாதாடியதுதான் அதிகம்.

இன்றும் கேள்வியோடுதான் வந்தார்.

"ஆயரம்மா, உயிர்த்தெழுந்தவர் கையில ஆணிக்காயம் ஏன் அப்படியே இருந்துச்சு? சாவையே ஜெயிச்சவருக்கு அதை ஆத்திக்கத் தெரியாதா?"

"தெரியும். மறைக்கல."

"அப்போ நானும் மறைக்க மாட்டேன்." தாளை நீட்டினார். "இதைத்தான் வாசிக்கப்போறேன். இவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் நிக்கிறாங்க. காது குளிரக் கேக்கட்டும்."

ஆயர் இரண்டு முறை படித்தார்.

"நல்ல எழுத்து, தோழர். போலீஸ் ஸ்டேஷன்ல பழகின கை."

"பதினோரு புகார் எழுதின கை."

"வாசிங்க. ஒரு வரியும் அடிக்க வேணாம்."

சண்டைக்கு வரிந்து கட்டி வந்த ஏசுவடியானுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு. இந்த மண்ணுக்குள்ள யார் இருக்காங்க?"

"என் தாய். அதான் எழுதியிருக்கேனே."

"தாள்ல பொன்னுத்துரை இருக்கார். வேதமாணிக்கம் இருக்கார். தவசிமுத்து, அருமைநாயகம், நாலு பேரும் இருக்காங்க. அம்மா பேர் எங்கே?"

ஏசுவடியான் தாளை வாங்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பழைய துண்டறிக்கைகளை மனத்துக்குள் புரட்டினார். 'ஓர் ஏழைத் தாய்.' 'தள்ளிவைக்கப்பட்ட தாய்.' எதிரிகள் அவளை 'ஏய்' என்றே கூப்பிட்டார்கள். மகனும் ஓரிடத்திலும் பெயர் எழுதவில்லை.

"கல்லறைத் தோட்டத்துல மகதலேனா மரியாள் அழுதுட்டு நிக்கிறா," என்றார் ஆயர். "எதிர்ல உயிர்த்தெழுந்து நிக்கிற இயேசுவைத் தோட்டக்காரர்னு நினைக்கிறா. அவரை ஆணி அடிச்சு மூணு நாள்தான் ஆகுது. தீர்ப்பு சொன்ன பிலாத்து பேர் தெரியும். குத்தம் சாட்டின காய்பா பேர் தெரியும். தெரியாதுன்னு சொன்ன பேதுரு பேரும் தெரியும். முதல்ல யார் பேரைச் சொன்னார்?"

"'மரியாளே'ன்னு அவ பேரை," என்றார் ஏசுவடியான். பாட்டு முடிந்துவிட்டது. அருமைநாயகத்தின் பேரன் மைக்கை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தான்.

"வாங்கய்யா, உங்களுக்காகத்தான் நிக்கிறோம்."

ஏசுவடியான் ஆயரைப் பார்த்தார்.

"அப்போ இந்தத் தாள்?"

"காயத்தையும் காட்டினார், தோழர். அது அன்னைக்குச் சாயங்காலம்."

ஏசுவடியான் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இடிந்த சுவரின் அடிக்கல்மேல் ஏறி நின்றார். எதிரே நானூறு பேர்.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்," என்றார்.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்றது இரண்டு தெருவும்.

சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொல் எழுதினார். கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, கூட்டம் போட்டுப் பழகிய அந்தப் பழைய குரலில், தோட்டம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"ஞானப்பூ."