தண்ணீர் திருடிய தளபதி

வெள்ளைக்காரக் கும்பினியின் ஆதிக்கம் ஓங்கியிருந்த காலத்தில், மருதங்குடி சமஸ்தானத்தில் ஆவுடையப்பச் சேர்வை என்று ஒருவர் இருந்தார். காலையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வயலில் உழுவார். ஊர்ப்படைக்குத் தளபதி என்பதால் மத்தியானம் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொள்வார். ஊர்ச்சபைத் தலைவரும் அவரே. சாயங்காலம் தலைப்பாகை வைத்துக்கொண்டு வழக்குக் கேட்பார். ஊரில் யாரைத் தேடிப் போனாலும் இந்த ஒரே ஆள்தான் வந்து நிற்பார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் பாதித் தண்ணீர்தான். தெப்பத் திருவிழா முடியும்வரை மடையைத் திறந்தால் நிலம் பறிமுதல் என்று ராஜா உத்தரவு போட்டார். வயலிலோ பயிர் கதிர் வாங்கும் நேரம். சேர்வைக்குப் பொறுக்கவில்லை. பட்டப்பகலில் போய் மடையைத் திறந்துவிட்டார்.

அரண்மனை அதிகாரியான பேஷ்கார் அம்பலவாணருக்கு வாயெல்லாம் பல். தளபதி வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவர் வெகுநாளாக அலைந்துகொண்டிருந்தார். உடனே ராஜாவிடம் ஓடிப் போட்டுக்கொடுத்தார்.

ராஜாவுக்குச் சேர்வையைப் பிடிக்கும். வேடிக்கை அதைவிடப் பிடிக்கும்.

"சேர்வை, திருடனைப் பிடிப்பது தளபதி வேலை. விசாரிப்பது சபைத் தலைவர் வேலை. நாளை என் முன்னால் இரண்டையும் நீரே செய்யும். துளி பாரபட்சம் தெரிந்தாலும் நிலத்தோடு பதவியும் போய்விடும்."

மறுநாள் சேர்வை கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். "குத்தவாளியப் பிடிச்சாந்துட்டேன், மகாராஜா" என்று சலாம் வைத்தார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகையை வைத்தார்.

"ஏம்ப்பா, மடையத் தொறந்தியா?" என்று அதட்டினார்.

தலைப்பாகையை எடுத்துவிட்டுக் கைகட்டி நின்றார். "தொறந்தேனுங்க. பயிர் கருகுறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. தெப்பம் மெதக்குற அளவுக்குத் தண்ணிய விட்டுட்டுத்தான் அடைச்சேன்."

மறுபடி தலைப்பாகை ஏறியது. "சாக்குப்போக்கு வேணாம். திருட்டு திருட்டுதான். நெலம் பறிமுதல்."

பேஷ்கார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா, மொதல்ல களவு போன பொருள மீட்கணும்" என்று தொடர்ந்தது தலைப்பாகை. "அதான் சபை வழக்கம். தளபதி, பொருள் எங்க இருக்கு?"

கோட்டு ஏறியது. "எல்லா வயலையும் தேடிட்டேன். மேட்டு வயல்ல மண்ணு குடிச்சிருச்சு. பள்ளத்துல ஒரே ஒரு வயல்லதான் வரப்ப உசத்தி, முழங்கால் அளவு தேக்கி வச்சிருக்காங்க."

"யாரு வயலு?" என்று கேட்டது தலைப்பாகை.

"நம்ம பேஷ்கார் ஐயா வயலுங்க. எறைச்சுக் கண்மாய்ல ஊத்த ஆளுங்க கூடையோட வாசல்ல நிக்கிறாங்க."

பேஷ்கார் பதறியடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "மகாராஜா, தண்ணிய எடுத்தா என் பயிர் செத்துப்போயிரும்."

"திருட்டுத் தண்ணீர் ஆயிற்றே, பேஷ்காரே" என்றார் ராஜா.

"திருட்டுன்னு யாரு சொன்னா? சேர்வை நல்ல காரியந்தான் பண்ணியிருக்காரு. புகார வாபஸ் வாங்கிக்கிறேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புகார் இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. நிலம் உம்முடையதுதான், சேர்வை. போய் வாரும்."

சேர்வை நகரவில்லை. நிதானமாகக் கோட்டின் பித்தான்களைப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் என்னய்யா?" என்றார் ராஜா.

"விவசாயிக்கு நெலம் கெடைச்சிருச்சு, மகாராஜா. அவ்வளவு பெரிய திருடன ஒத்த ஆளா மடக்கிப் பிடிச்ச தளபதிக்குத்தான் இன்னும் ஒண்ணும் கெடைக்கல."