கடைசிக் கழுதையின் நடை

கழிமுகக் காட்டில் கழுதைகள் உப்பு சுமந்தன. உப்பு கரடியாருடையது. மூட்டையும் அவருடையது. மலைக்கு அப்பால் இருந்த சந்தையும் அவருடையதுதான். முதுகு மட்டும் கழுதைகளுடையது.

ஒருநாள் கரடியார் கொட்டிலுக்கே வந்தார்.

"தாமரைக் குளத்தங்கரையில் ஒரு வணிகக் கல்லூரி தொடங்கியிருக்கிறேன். உங்கள் இனத்துக்கும் ஓர் இடம் உண்டு. செலவு முழுக்க என்னுடையது!"

கழுதைகளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் ஒரே குரலில் வெள்ளச்சியின் பெயரைச் சொல்லின. வெள்ளச்சி இன்னும் மூட்டை ஏறாத இளங்கழுதை. சந்தைக்குப் போகும் வழியிலுள்ள மலைக் கணவாயைக்கூடக் கண்டதில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்கும். தாயில்லாத அதை வளர்த்தது காத்தாயி அத்தை. கூட்டத்திலேயே மூத்தது அதுதான்.

"ஏன்டி, அங்கேயும் போய் ஏன் ஏன்னு அரிச்சுடாதே. அடுத்த நாளே துரத்தி விட்டுடுவாங்க!" என்று சிரித்தது அத்தை.

கல்லூரி வேறு உலகமாக இருந்தது. கழுத்தில் வாழைநாரில் கோத்த பெயர் இலை. வெயில் படாத வகுப்பு. எல்லாவற்றுக்கும் புதுப் பெயர். புல்லுக்கு மூலதனம் என்றார்கள். பசிக்குத் தேவை என்றார்கள். சுமக்கிறவர்களுக்கு விலங்கு வளம் என்று பெயர். வெள்ளச்சி ஒவ்வொரு சொல்லையும் புதுப் புல்லைப்போல மென்று பார்த்தது.

"சுமக்கிறவங்கன்னே சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" என்று பக்கத்தில் இருந்த மரநாயைக் கேட்டது.

"சுமக்கிறவனுக்கு முதுகு வலிக்கும். வளத்துக்கு வலிக்குமா?" என்றது மரநாய்.

பாடம் எடுத்தவர் நாரைப் பேராசிரியர். எப்போதும் ஒற்றைக்காலில்தான் நிற்பார். முதல் வாரம் முழுக்க வெள்ளச்சி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் கேட்டேவிட்டது.

"அய்யா, அந்த இன்னொரு கால் எப்போது கீழே வரும்?"

"மீன் வரும்போது, குழந்தாய்!"

வகுப்பு சிரித்தது. வெள்ளச்சியும் சேர்ந்து சிரித்தது.

மூன்றாம் வாரம் பேராசிரியர் ஒரு கணக்கைப் போட்டார். "ஓர் ஊரில் ஒரு வணிகர். அவருடைய கழுதைகள் விடியலில் உப்போடு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகின்றன. ஒரு நாளைக்கு ஒரே நடை. இரண்டு நடை அடிக்க என்ன வழி?"

"பாதையை நேராக்கலாம்!" என்றது முயல்.

"மூட்டையைச் சிறிதாக்கலாம்!" என்றது மரநாய்.

"முன்னால் நான் ஆடிக்கொண்டே போகிறேன். உற்சாகத்தில் ஓடிவிடும்!" என்றது மயில்.

பேராசிரியர் தலையை ஆட்டினாரே ஒழிய மெச்சவில்லை. வெள்ளச்சிக்குக் குளம்பு தரையில் நிற்கவில்லை. இந்த வகுப்பில் முதன்முறையாக அதற்கு மட்டுமே தெரிந்த ஒரு விடை!

"அய்யா, கழுதைகளால் வேகமாக நடக்க முடியும். ஆனால் நடக்காது! கூட்டத்தில் மூத்தது எதுவோ, அதன் நடைதான் எல்லாருக்கும் நடை. அதை யாரும் முந்தக்கூடாது. அது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு!"

பேராசிரியரின் இன்னொரு கால் மெல்லக் கீழே இறங்கியது.

"அப்படியா! அந்தக் கட்டுப்பாட்டை எப்படி உடைப்பது?"

"சுலபம் அய்யா! முதலில் திரும்புகிறவனுக்கு இரண்டு பங்கு கொள்ளு. கடைசியில் வருகிறவனுக்கு வெறும் உமி."

"சபாஷ்!" என்றார் பேராசிரியர். வகுப்பே கைதட்டியது. வெள்ளச்சியின் கழுத்தில் தாமரை மாலை விழுந்தது. அந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் வெள்ளச்சியும் அன்றைக்குக் கேட்கவில்லை.

விடுமுறை வந்தது. வெள்ளச்சி மாலையோடு கொட்டிலுக்கு ஓடியது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் இளங்கழுதைகள் எல்லாம் அதற்குள் திரும்பியிருந்தன. தொட்டியில் தலையை விட்டுக் கொள்ளு மென்றுகொண்டிருந்தன. ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

"மாடா, அத்தை எங்கே?"

இளங்கழுதைகளில் ஒன்றான மாடன் தொட்டியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னது. "பின்னால வருது. கரடியார் புதுச் சட்டம் போட்டுட்டாரு. முந்தினவனுக்குத்தான் கொள்ளு. நான் என்ன பண்ண?"

வெள்ளச்சிக்கு மாலை கனத்தது. "மாடா, நாம ஏன் முன்னால எல்லாம் சேர்ந்தே நடந்தோம்?"

"நீ கணவாய் பார்த்ததில்லையே! அங்கே கழுதைப்புலிங்க இருக்கு. கூட்டத்துக்கிட்ட வராது. ஆளுக்கு ஒரு உதை விட்டா அதுங்க தாங்குமா? தனியா பின்தங்கின ஒண்ணு கிடைச்சா மட்டும்..." மாடன் மெல்லுவதை நிறுத்தியது. நிறுத்திவிட்டு மறுபடி மென்றது.

"கிளம்பி வா! எல்லாரும் வாங்க!"

"நீ போ. நான் தலையை எடுத்தா பக்கத்துல இருக்கறவன் என் பங்கையும் தின்னுடுவான்!"

வெள்ளச்சி திரும்பி நின்றது. பின்னங்கால் இரண்டையும் தூக்கித் தொட்டியை ஓர் உதை உதைத்தது. தொட்டி கவிழ்ந்தது. கொள்ளெல்லாம் சேற்றில் கலந்தது.

"இப்ப முந்தறதுக்கு ஒண்ணுமில்ல. வாங்கடா!"

கழுதைகள் ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு ஓடின.

கணவாயில் காத்தாயி பாறையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் நான்கு கழுதைப்புலிகள். ஒன்றின் வாயில் ரத்தம். கழுதைக் கூட்டம் கத்திக்கொண்டு ஒன்றாகப் பாய்ந்தது. குளம்புகள் மழையாக விழுந்தன. கழுதைப்புலிகள் புதருக்குள் மறைந்தன.

காத்தாயியின் பின்னங்கால் கிழிந்திருந்தது. "சந்தையில கூடத் தண்ணி குடிக்க நிக்காம ஓடினீங்களேடா! அப்படி யார்தான் இந்தப் பந்தயத்தைக் கண்டுபிடிச்சது?" என்று முனகியது.

"நான்தான் அத்தை," என்றது வெள்ளச்சி. மாலையைக் கழற்றிக் கீழே போட்டது.

மறுநாள் காலையில் கரடியாரும் நாரைப் பேராசிரியரும் கொட்டிலுக்கு வந்தார்கள். காத்தாயியின் மூட்டையை மற்றவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சுமந்துகொண்டு கிளம்பியிருந்தன. ஒரு பங்கு வெள்ளச்சியின் முதுகில் இருந்தது. வெறும் முதுகோடு முன்னால் நொண்டியது காத்தாயி. நத்தைகூட அதை முந்தியிருக்கும். கழுதை ஒன்றும் முந்தவில்லை.

"குழந்தாய், அருமையான விடையை நீயே கெடுத்துவிட்டாயே!" என்றார் பேராசிரியர்.

"உங்கள் கணக்கில் கழுதைப்புலி இல்லையே அய்யா!"

"அது பாடத்துக்கு வெளியே இருக்கும் விஷயம்."

"வெளியேதான் இருந்தது. எங்கள் அத்தைதான் அதனிடம் மாட்டிக்கொண்டது."

கரடியார் உறுமினார். "வேகமாக நடங்கள்! இல்லாவிட்டால் இன்று முதல் யாருக்கும் கொள்ளு கிடையாது!"

"வேகம் வேணும்னா காத்தாயி அத்தையைக் கேளுங்க!" என்றது மாடன். கழுதைகள் சிரித்தன. சிரித்துக்கொண்டே மூட்டைகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தன.

கரடியார் மறுபடி உறுமினார். பிறகு அண்ணாந்து பார்த்தார். வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. தரையில் கிடந்ததெல்லாம் உப்பு.

அன்றிலிருந்து கொள்ளு எல்லாருக்கும் சமமாக வந்தது. காத்தாயியின் நடைதான் எல்லாருக்கும் நடை. கல்லூரியில் கழுதை இனத்துக்கு ஒதுக்கிய இடம் மட்டும் அன்று மாலையே முயலின் தம்பிக்குப் போய்விட்டது.

உன் கூட்டத்தின் வழக்கம் எதற்காக வந்தது என்று உன் கூட்டத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அதை முதலாளியின் சபையில் அவிழ்த்து வைத்துக் கைதட்டல் வாங்காதே.