பயத்தில் வந்த பசி

தெற்குக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். அங்கே செலஸ்டின் என்று ஒருவன். ஆழ்கடலுக்குப் போன அவனுடைய விசைப்படகு, புயல் அடித்து ஓய்ந்த பிறகும் கரை திரும்பவில்லை. ஒரு வாரமாகத் தகவலே இல்லை.

வீட்டில் ஒரு கைப்பிள்ளையோடு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். தாய் லூர்தம்மாளுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. மனைவி ஜெனோவாவுக்கோ பசி அடங்கவே இல்லை. எப்போதும் பாதிச் சோற்றை மிச்சம் வைக்கிறவள், அடுப்படியில் நின்றபடியே பானையை வழித்துத் தின்றாள். குழம்பு உண்டா, உப்பு உண்டா என்றுகூடப் பார்க்கவில்லை. சோறு தீர்ந்தால் அரிசியை அள்ளி வாயில் போட்டாள். தூக்கம் இருவருக்குமே இல்லை.

"ஏட்டி, எம்புள்ள கடல்ல கெடக்கான். உனக்கு எப்படிச் சோறு எறங்குது?" என்று லூர்தம்மாள் ஊர் கேட்கக் கத்தினாள். விசாரிக்க வந்தவர்கள் தலை குனிந்து நின்றார்கள். ஜெனோவாவின் வாயில் சோறு இருந்தது.

படகு வேறொரு துறைமுகத்தில் பத்திரமாக ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. உடனே லூர்தம்மாள் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். ஜெனோவா கையிலிருந்த அரிசியைக் கீழே போட்டாள். அன்று இரவு பழையபடி பாதிச் சோற்றை மிச்சம் வைத்தாள்.

செலஸ்டின் வீடு வந்தான். தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சுத்தான் தின்னியா?"

ஜெனோவாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பயந்தா எனக்குப் பசிக்குது. நான் என்ன செய்ய? வருவீங்களா, மாட்டீங்களான்னு ஒவ்வொரு வாயும் பயந்துக்கிட்டே முழுங்கினேன். எப்படி இருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"போதும்" என்றான் அவன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் தாய்வீட்டுக்கு நடந்தாள்.

இப்போது சொல்லுங்கள். செலஸ்டின்மேல் யாருக்குப் பாசம் அதிகம், தாய்க்கா மனைவிக்கா? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: முதல் கேள்வியே தவறு. பயம் தாக்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுரக்கும் சி.ஆர்.எச். என்னும் பெப்டைடு, அதாவது ஒரு சிறு புரதத் துணுக்கு, பசியை அணைக்கும். அதே மூளையில் நியூரோபெப்டைடு ஒய் என்று இன்னொன்று உண்டு. அது பசியைக் கிளப்பும், பதற்றத்தையும் தணிக்கப் பார்க்கும். எந்தப் பக்கம் ஓங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நல்ல செய்தி வந்ததும் இருவருமே பழைய நிலைக்குத் திரும்பினார்களே, அதிலிருந்தே தெரியவில்லையா, இருவரையும் ஆட்டியது ஒரே பயம்தான் என்று? உண்டதும் உண்ணாததும் அவர்கள் கையில் இல்லை. பழி சொன்னது லூர்தம்மாளின் கையில் இருந்தது. அதை அப்படியே நம்பியது செலஸ்டின் கையில் இருந்தது. அந்தப் பழியை ஏற்காமல் வெளியேறியது ஜெனோவாவின் கையில் இருந்தது. ஆகவே சரியாகச் செய்தவள் அவள் ஒருத்திதான். சில நாள் கழித்து அவன் அவளை அழைக்கப் போனான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். "கோவம் ஆறுனா நானே வாரேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."